கலைவிழாவில் சிரட்டைகள் கவிழ்ந்த காலை

இக்குறிப்பை எழுதியே ஆகவேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்துள்ளது. கொழும்பில் ஈராண்டுக்கு ஒருமுறை பழம்பெரும் கட்டடங்களில் நிகழும் சமகாலக் கலைவிழாவில், எங்கள் தோட்டத்துப் பெண்ணொருவர் படைத்த காட்சி இம்முறை இடம்பெற்றது. விழாவினர் பின்னர் அச்சிட்ட நூலோ, அதில் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தமை அவருடைய நெடுநாட் சிந்தனையின் விளைவு என்கிறது. அவ்வாறன்று. கவிழ்த்தவர்கள் யார், ஏன் கவிழ்த்தார்கள் என்பதை உடனிருந்து கண்டவன் நான்.

அப்பெண்ணின் தாயார் நிவித்திகலைக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்தில் இறப்பர் மரங்களில் பால் வெட்டுபவர். மகள் ஓவியம் பயிலச் சென்றதை அவர் தடுக்கவுமில்லை, மெச்சவுமில்லை; மகளுடைய படைப்பொன்றையும் அதுவரை கண்டதுமில்லை. காட்சிக்குரிய தமிழ் விளக்கத்தை எழுதித் தருமாறு என்னைக் கேட்டபோது மகள் சொன்னார்: “அம்மா வந்து பாத்து ஒரு வார்த்தை சொன்னா போதும் மாஸ்டர். மத்தவங்க என்ன சொன்னாலும் பரவால்ல.”

தாயாரும் அவருடன் பால் வெட்டும் மூன்று பெண்களும் நானும் விடியுமுன் கொழும்புக்குப் பேருந்தேறினோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான எனக்கு இத்தனை வயதில் அப்படியொரு பரபரப்பு வரும் என எண்ணியதில்லை. இரத்தினபுரி கடக்கும்வரை என் விளக்கத்தை மனத்துக்குள் மும்முறை திருத்தினேன்.

காட்சி அமைந்திருந்தது ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலை ஒன்றில். பருத்த மரத்தூண்களுக்கிடையே மகள் இறப்பர் மரக்கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றிலும் கம்பி வளையத்தில் ஒரு சிரட்டையைப் பொருத்தியிருந்தார். பாலேந்திப் பழகிய மெய்யான சிரட்டைகள். அவற்றின் உள்ளே உலர்ந்து படிந்த ஒட்டுப்பாலின்மீது தோட்டத்துப் பெண்களின் முகங்களை மையால் வரைந்திருந்தார். குனிந்து நோக்கினாலன்றித் தெரியா. நான் குனிந்து பார்த்தேன்; பெண்கள் இன்னும் பார்க்கவில்லை.

மகள் எங்களை உள்ளே விட்டுவிட்டு, விருந்தினரை அழைத்துவர வாயிலுக்குச் சென்றார். உடன்வந்த மூவரில் ஒருவர் என் விளக்கப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“பால் ஏந்து கலமா? செரட்டைன்னு எழுதுனா என்னங்க மாஸ்டர், கொறஞ்சா போயிருவீங்க?”

அப்போது கூரையில் மழை இறங்கியது. பழைய ஓடுகளின் இடுக்கில் ஒரு துளி. பின் பல துளிகள். தாயார் அண்ணாந்து பார்த்தார். மறுகணம் அருகிலிருந்த சிரட்டையைக் கவிழ்த்தார், அடுத்ததையும் கவிழ்த்தார். மழைநீர் தேங்கினால் பால் கெடும்; ஆகவே மழை வந்தால் வெறுஞ்சிரட்டையைக் கவிழ்க்காமல் எந்தப் பால்வெட்டும் பெண்ணும் மரத்தைக் கடப்பதில்லை. மற்ற மூவரும் ஆளுக்கொரு வரிசையைப் பிரித்துக்கொண்டனர். அவர்கள் கண்ணால் பார்த்துச் செய்யவில்லை; கைகள் செய்தன. “தொடாதீர்கள்” என்னும் அறிவிப்பு மும்மொழியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானோ அந்த வேகத்தில் சொக்கி, தடுக்கவும் மறந்து நின்றேன்.

விருந்தினரோடு திரும்பிய மகள் வாயிலிலேயே நின்றுவிட்டார். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. விழாப் பொறுப்பாளரான சிங்களப் பெண்மணி பதறி, என்ன இது என்று தம் மொழியில் வினவினார்.

“வெஸ்ஸ நே, நோனா,” என்றார் தாயார். மழையல்லவா, அம்மணி என்பதே அதன் பொருள். அதன்பின்னரே மகளின் முகத்தைப் பார்த்தார். “தப்புப் பண்ணிட்டனா, புள்ள?”

மகள் ஒரு சிரட்டையின் முதுகில் வழியும் நீரைத் தொட்டுப் பார்த்தார். “இல்லம்மா. கவுக்காட்டி மை கரைஞ்சிருக்கும். ஒண்ண நிமித்திப் பாருங்க.”

தாயார் நிமிர்த்தினார். உள்ளே, உடன்வந்த தோழி ஒருவரின் முகம்.

“அடிப்பாவி, என் மூஞ்சியத்தான் மொதல்ல கவுத்தியா?” என்றார் அத்தோழி. விருந்தினரும் சிரித்தனர்.

மகள் தடை அறிவிப்பைக் கழற்றினார். நான் என் பலகையின் பின்புறத்தில் புதிதாக எழுதினேன்: சிரட்டையை நிமிர்த்திப் பாருங்கள்; பார்த்தபின் கவிழ்த்துவிடுங்கள். மாலைவரை கூட்டம் குறையவில்லை. கவிழ்க்க மறந்தவர்களை நால்வரும் பின்தொடர்ந்து, “கங்காணி பாத்தா ஏசுவாரு, கவுத்துட்டுப் போங்க” என்று விரட்டிக்கொண்டிருந்தனர்.

புறப்படும்போது மகள் கேட்டார், “எப்படிம்மா இருக்கு?”

தாயார் ஒரு கம்பத்தைச் சுற்றிவந்து கம்பியை விரலால் நெம்பினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்பிய இப்படி இறுக்கியிருக்கியே, மரம் பெருத்தா பட்டைய அறுத்துரும். அடுத்த வாட்டி என்னையக் கூப்பிடு. நான் கட்டித் தாரேன்.”

வெட்டி நட்ட அக்கம்பங்கள் இனிப் பருக்கமாட்டா என்று மகள் சொல்லவில்லை. “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கம்பியைத் தளர்த்தத் தொடங்கினார்.

முதலில் நிமிர்த்திய சிரட்டை மூன்றாம் வரிசையிலா நான்காம் வரிசையிலா என்பதில் எனக்கு ஐயமுண்டு. தாயாரின் சொற்களையும் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். அன்று அங்கிருந்தோர் இதில் பிழை காணின், தயங்காது சுட்டித் திருத்துமாறு வேண்டுகிறேன்.