ஆள் எண்ணிய நாளில் சித்ரகலா இல்லை

"தனுஷ்கோடியில நிண்டா எங்கட கரை லைட் தெரியும் அக்கா. போறதெண்டா மட்டும் டெல்லியையும் கொழும்பையும் கேக்கோணும்."

காலையில் குழாயடியில் குடத்தை வைத்ததும் சித்ரகலா இதைச் சொல்லிவிடுவாள். நானும் விடமாட்டேன். "லைட்டு தெரிஞ்சா பாத்துட்டு வா புள்ள. தண்ணி நிக்கறதுக்குள்ள கொடத்த நகத்து."

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு அவளுக்கு. புருஷன் ராபின் பெயிண்ட் அடிக்கிறவன். மகள் ஆஷா எட்டாவது படித்தாள். சித்ரகலா மன்னாரில் பிறந்தவள். சண்டைக்குப் பயந்து அம்மா அவளைக் கைக்குழந்தையாகப் படகில் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே அகதி முகாமில் வளர்த்தார். சண்டை ஓய்ந்ததும், காணி காடாகக் கிடக்கிறது என்று அம்மா மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். இவளுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. இங்கேயே நின்றுவிட்டாள்.

முகாமில் பெயர் உள்ளவர்கள் வெளியூரில் வேலை பார்க்கலாம். ஆனால் மாதம் ஒரு நாள் அதிகாரிகள் ஆள் எண்ண வரும்போது நேரில் நிற்க வேண்டும். அதை செக்கிங் என்பார்கள். மூன்று பேரும் சேவூர் வழியாகப் போகிற பஸ்ஸில் கிளம்பி, நின்று, எண்ணப்பட்டு, மறுநாள் வருவார்கள். நாம் ரேஷன் கடையில் கைரேகை வைக்கவே சலித்துக்கொள்கிறோம்.

சித்ரகலாவுக்கு பக்கத்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற வேலை. பங்களாதேஷில் கலவரம் வந்ததே, அந்தச் சமயம் அங்கே தைக்க வேண்டிய உருப்படியெல்லாம் இந்தக் கம்பெனிக்கு வந்தது. முதலாளி தரணீதரன் தெருவுக்கே லட்டு கொடுத்தார். பக்கத்து நாட்டுக்காரன் கடை சாத்தினால் இங்கே லட்டு.

செக்கிங்குக்கு லீவு கேட்டவளிடம் அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஷிப்மென்ட் வாரமுங்க சித்ரா. நீங்க ஒரு ஆளு எந்திரிச்சா லைனே நின்னுரும். அந்த செக்கிங்க அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."

இவளும் நம்பினாள். "அடுத்த மாசம் நிண்டாச் சரிதானே அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? உன்ற ஊட்டுக்காரனக் கேளு" என்றேன்.

அடுத்த மாதமும் ஷிப்மென்ட். ராபினும் ஆஷாவும் மட்டும் போய் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ராபின் புளுகினான். எந்த ஆஸ்பத்திரி, சீட்டு எங்கே என்று கேட்டதும் மாட்டிக்கொண்டான். மூன்றாவது மாதமும் அவள் போகவில்லை. முகாமில் ஆள் இல்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் மெத்தனமாக இருந்தார்கள்.

அப்போதுதான் மன்னாரிலிருந்து போன் வந்தது.

"அம்மாக்குப் பாரிசவாதமாம். ஒரு பக்கம் விழுந்திட்டுதாம். என்ர பேரைத்தான் சொல்றாவாம். நான் போகோணும் அக்கா."

இங்கிருந்து போவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். போனால் திரும்பி வர விடுவார்களா என்பது வேறு கதை. அதையும் தெரிந்துதான் கிளம்பினாள். தனியாக விட மனசு வராமல் நானும் அகதிகள் விஷயம் பார்க்கிற ஆபீசுக்குக் கூடப் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"அம்மா, ரெக்கார்டு படி நீங்க முகாம்லயே இல்லீங்க. இல்லாத ஆள எப்படிங்க அனுப்பறது?"

"கண்ணு முன்னால நிக்கறாளே, தொட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல பேரு சேரோணும். இத்தன நாளு எங்க வேலை செஞ்சாங்கன்னு கம்பெனில எழுதி வாங்கிட்டு வாங்க."

நேரே தரணீதரனிடம் போனோம். உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"எழுதிக் குடுத்தா, வெளிநாட்டு ஆள வெச்சிருந்தேன்னு எம்மேல கேஸ் வந்துருமுங்க்கா. சரக்கு வாங்கற பையருக்குத் தெரிஞ்சா ஆர்டரும் போயிரும். சித்ரா நம்ம கம்பெனில வேலையே செய்யலைன்னு வெச்சுக்கங்க."

"அப்ப உங்க ஷிப்மென்ட்டத் தெச்சது பேயுங்களா?"

"கோவப்படாதீங்க்கா. டீ ஆறுதுங்க."

நான் டீயைத் தொடவில்லை. சித்ரகலா குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராபின், "களவா வள்ளத்தில கடல் தாண்டிப் போவம்" என்றான்.

"அங்க நேவிக்காரன் பிடிப்பான். திரும்பி வந்தா இங்கத்த நேவிக்காரன் பிடிப்பான். ஆஷாவ ஆர் பாக்கிறது, நீ அடிக்கிற பெயிண்டோ?" என்று வெடித்தாள்.

முகாமிலேயே இருந்து மனு எழுதிக் கொடுத்தால் பெயர் சேரும் என்று யாரோ சொல்ல, அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். ஆஷா பாதிப் படிப்பில் பள்ளிக்கூடத்தை விட்டாள். மனு போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அதற்குள் அம்மா செத்துப்போனார்.

சேதி கேட்டு நான் போனபோது முகாம் வீட்டில் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மன்னாரில், அம்மாவின் பக்கத்து வீட்டுப் பையன் அடக்கத்தை வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. சித்ரகலா போனை எடுத்து உதறினாள்.

"முகத்த மூடிட்டாங்களோ? கேளு ராபின், மூட வேண்டாமெண்டு சொல்லு!"

ராபின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கிடைத்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். அவள் கத்தி அழுவாள் என்று தாங்கிப் பிடிக்க நெருங்கினேன். அழவில்லை. "மூடினவங்களாமா?" என்று மட்டும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

இன்று வரை அவள் பெயர் சேரவில்லை. விசாரிக்க எப்போது வேண்டுமானாலும் வருவார்களாம். அப்போது ஆள் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் முகாம் கேட்டைத் தாண்டிக் கடைக்குக்கூடப் போவதில்லை. அம்மா செத்த பெரியகாரியத்துக்கு வந்த சொந்தம் என்று அவளுக்கு இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. கூட உட்கார்ந்து தைத்தவர்கள்கூட, கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்று எட்டிப்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவளைப் பாருங்கள். சேவூர் பஸ்ஸில் ஏறி, முகாம் என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். கேட்டில் யார், என்ன என்று கேட்பார்கள், சொல்லிவிட்டுப் போங்கள். பெயிண்டர் ராபின் வீடு என்றால் குழந்தைகூடக் காட்டும். துக்கம் கேட்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவளால் நம் வீட்டுக்கு வர முடியாது.