வேலை போன வீட்டில் அம்மா

எங்கள் அம்மா நாட்றாம்பாளையத்தில் பிறந்து, அப்பாவைக் கைப்பிடித்து ஓசூருக்கு வந்தவர். இப்படித் தொடங்கி, பொறுமையின் சிகரம், அன்பின் உறைவிடம் என்று எழுதிக்கொண்டு போவதுதான் வழக்கம். தம்பியும் அப்படித்தான் எழுதச் சொன்னான். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் பலருக்கும் அது நேரிலேயே தெரியும்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் வண்டி விற்பனை படுத்தது. கியர் செய்யும் கம்பெனியில் இருந்த அப்பாவை ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சேதி பரவியதும் சொந்தக்காரர்கள் இழவு வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "எப்படிப் போச்சு?" என்று கேட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே அப்பா கூனிப்போனார். ஒருநாள் அம்மா காபித் தட்டோடு வந்து, "இங்க யாரும் சாவல. காபியக் குடிச்சிட்டு வேற ஏதாச்சும் பேசுங்க. பேச்சு இல்லன்னா கெளம்புங்க" என்றார். கிளம்பியவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுடைய அக்கறை அவ்வளவுதான்.

அம்மா ரோஜாப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். "நான் வர வரைக்கும் அடுப்பு உங்களுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கிண்டும் களி கல்லாக இருக்கும். "இத உங்க கம்பெனிக்கு அனுப்புங்க, கியர் அறுக்கட்டும்" என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிடுவார். பெண்டாட்டியைச் சம்பாதிக்க அனுப்பிவிட்டுச் சோறாக்குகிறான் என்று ஊரெல்லாம் பேசியவர்களின் பெயரைப் போட்டால் மலரில் இடம் போதாது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை மகளுக்குக் காதுகுத்து வந்தது. அப்பா கூடப்பிறந்த தாய்மாமன். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் போவது லாரி வைத்திருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சேதி வந்தது. அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அன்று விட்டிருந்தால் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் தலைகாட்டியிருக்க மாட்டார். அம்மாவுக்கு அது தெரியும். "சட்டையப் போடுங்க" என்றார்.

வேப்பனப்பள்ளிக் கோயிலில் சித்தப்பா பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனார். அத்தை ஓடிவந்து, "அண்ணனுக்கு எதுக்குச் செரமம்னுதான் அண்ணி..." என்று இழுத்தார்.

"உங்கண்ணனுக்கு வேலதான் போயிருக்குது கண்ணு. மடி போவல" என்றார் அம்மா.

காது குத்த வந்த ஆசாரி சிரித்துவிட்டார். சித்தப்பா எழுந்துகொண்டார். எங்கள் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பாவாடைத் துணி, அவ்வளவுதான் இருந்தது. குழந்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்துதான் அழுதது.

பிறகு அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. அம்மா கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோது அப்பாதான் குளிப்பாட்டி, தலைவாரிவிட்டார். அதற்கும் சிலர் மூக்கில் விரல் வைத்தார்கள். அது அவர்கள் மூக்கு, அவர்கள் விரல்.

நன்றி சொல்ல வேண்டும். எல்லோரும் "வேலை கெடச்சுதா?" என்று குடைந்தபோது, "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்ட மாடி வீட்டுக் கன்னடக்கார அக்காவுக்கு எங்கள் நன்றி. சாவுக்கு மட்டும் தவறாமல் வந்த மற்றவர்களுக்கும் மரபுப்படி நன்றி. அம்மா இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசியாக அத்தைக்கு ஒன்று. சில வருடம் முன்பு மாமாவுக்கும் வேலை போனதே, அப்போது பட்டறையில் சேர்த்துவிட்டது அண்ணன் பாசம் என்று இன்றுவரை சொல்லி வருகிறீர்கள். அது அப்பாவின் யோசனை இல்லை. அவரைப் பட்டறை முதலாளியிடம் அனுப்பியது அம்மாதான். "போய் அவருக்கு வேல கேளுங்க. உங்களுக்குப் போனப்ப நான் இருந்தேன். அந்த வூட்ல அந்த மனுசனத் தாங்க ஆளில்ல" என்றார்.