ஆஞ்சப்பன் மேஸ்திரி கிளறிய பாஸ்தா

ஓசூர் பாகலூர் ரோட்டுப் பக்கம் நிற்கிற மாடிவீடுகளில் பாதி, ஆஞ்சப்பன் மேஸ்திரி கை பட்டவை. மீதிப் பாதியில் விரிசல் விட்டிருக்கும், போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உத்தனப்பள்ளியிலிருந்து செங்கல் சுமக்க வந்தவர். இன்றைக்குச் சொந்த வீட்டில், தானே பூசிய சுவரில் சாய்ந்து உட்கார்கிறார்.

அப்பேர்ப்பட்ட வீட்டை விட்டுத்தான் தனிக்குடித்தனம் போகிறேன் என்றான் மகன் பிரகாஷ்.

"சுசித்ராவால முடியலப்பா. கம்பெனில நாளெல்லாம் நின்னுட்டு வந்து, இங்க அடுப்பாண்டயும் நிக்குது. ஞாயித்துக்கெழம சந்தாபுரால வீடு பாக்கப் போறோம்."

மனைவி நஞ்சம்மா காலமான பிறகு வீட்டு அடுப்பு முழுக்க மருமகள் தலையில் விழுந்ததே மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகத் தின்று படுப்பதா?

"நாளைக்கு ராத்திரிச் சமையல் என்னுது. அந்தப் பொண்ணுக்கு இன்னா புடிக்கும்?"

"பாஸ்தா. சாசேஜ், காயெல்லாம் போட்டு."

"காங்கிரீட் போடற அன்னிக்கு மொத்த ஆளுக்கும் ஆக்கிப் போட்டவன்டா ஒங்கப்பன். இது இன்னா பெரிய இது?"

மறுநாள் சாயங்காலம் கோழி சாசேஜும் பாஸ்தாவும் குடைமிளகாய், கேரட், பீன்ஸும் வந்து இறங்கின. பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, "கரண்ட் பைப்ப வெட்டிப் போட்டிருக்கான்" என்று சிரித்தார். உப்புத் தண்ணீரில் பைப்புகள் வெந்தன. வாணலியில் பூண்டும் வெங்காயமும் வதங்க, சாசேஜ் வில்லைகள் ஓரம் சிவக்க, காயும் தக்காளியும் சேர்ந்தன. கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மருமகளைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

கர்நாடகத்து ஆனேக்கல் பெண் அவள். மாமாவை ‘மாவா’ என்பாள்.

"மாவா, வெந்த தண்ணில கொஞ்சம் எடுத்து வைங்க. அதுதான் கலக்கறதுக்கு."

"கலவைக்குத் தண்ணி எவ்ளோன்னு எனக்கே சொல்றியா? காரம்?"

"மிளகாத்தூள் ஒரு ஸ்பூன். சாக்கு!"

கன்னடத்தில் ‘சாக்கு’ என்றால் போதும். ‘ஹாக்கு’ என்றால் போடு, ‘ஹாக்கி’ என்றால் போடுங்கள். கலவை மிஷின் பக்கத்திலேயே நின்று மேஸ்திரிக்குக் காது பாதி போய்விட்டது. பஸ் இரைச்சல் வேறு. இன்னொரு ஸ்பூன் போட்டார்.

"இன்னொண்ணும் போட்டுட்டன்மா."

"ஐயோ, சாக்கு மாவா, சாக்கு!"

காரசாரமான பொண்ணுதான் என்று மெச்சிக்கொண்டே மேலும் ரெண்டு போட்டார்.

வீட்டுக்கு வந்து முதல் வாய் வைத்ததுமே சுசித்ராவின் கண் நிறைந்துவிட்டது. பிரகாஷ் சொம்போடு ஓடினான்.

"சாக்குன்னு கத்தினேனே மாவா!"

"எனக்கு ஹாக்குன்னுதான கேட்டுச்சு..." மேஸ்திரியின் குரல் இறங்கியது. "எப்பவும் மரியாதையா ‘ஹாக்கி’ம்ப. இன்னிக்கு நம்ம வூட்டுப் பொண்ணாட்டம் உரிமையா சொல்லுதேன்னு ஒரு சந்தோஷம்."

சுசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். போச்சு, சந்தாபுராதான் என்று மேஸ்திரி நினைத்தார். ஆனால் சரிந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிற ஆளா அவர்?

"சிமெண்ட் தூக்கலாப் போனா மணல் சேக்கணும். அவ்ளோதான்!" இன்னொரு பாக்கெட்டை உடைத்தார். அவள் எழுந்து வந்தாள்.

"நீ ஒக்காரு. இது என் சைட்டு."

யூனிபார்மோடு காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்த வீட்டில் வேலை முடிந்து வந்து அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காரமில்லாத புதுப் பாஸ்தா பழையதோடு கலந்தது. உறைப்பு இருந்தது, ஆனால் நாக்கு விடமாட்டேன் என்றது.

"ஞாயித்துக்கெழம எப்ப கெளம்பலாம்?" என்றான் பிரகாஷ், மெதுவாக.

"மாவா வாரத்துல பாதி நாள் அடுப்பப் பாத்துக்கட்டும். அப்புறம் எங்கயும் கெளம்ப வேணாம்."

"பாதி நாளா? நம்ம வூட்டு அடுப்பே இனி என் காண்ட்ராக்ட்டும்மா!"

சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள்.

"ஹாக்கு, மாவா!"

இந்தத் தடவை காதில் சரியாகத்தான் விழுந்தது.