பேத்தை மீனை நான் கொடுக்கவில்லை

நத்தை விற்க மாட்டேன் என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோது, விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜொகூரில், ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் கடைவரிசையில் கடைசியாக உள்ள வளர்ப்பு மீன் கடை அவருடையது. நான்கு வருடமாக அங்கேதான் கடலுப்பும் உறைந்த இறாலும் வாங்குகிறேன். சீனர், அறுபதைத் தாண்டியவர். எஸ்டேட் பக்கம் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வரும்.

“அக்கா, ஒங்க தொட்டி எனக்கு தெரியும். மூணு மீனும் நான்தான் குடுத்தேன். நத்தை, நண்டு எல்லாம் அதுங்களுக்கு மக்கான் லா, சாப்பாடு. சும்மா சாகும். பாவம்.”

“செத்தா என் தலையில. பத்து நத்தை, ஆறு சங்கு நண்டு, ரெண்டு இறால் குடுங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பிளாஸ்டிக் பைகளில் கடல் நீரைப் பிடித்தார்.

எதற்காக அப்படி அடம் பிடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டு வரவேற்பறையில் நாலடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு சிங்கமீன், ஒரு விலாங்கு, ஒரு பேத்தை. பேத்தையை இங்கே புந்தால் என்பார்கள். பயந்தால் பந்து போல உப்பும் மீன். மூன்றும் வேட்டையாடித் தின்னும் ஜாதி. மூன்றும் நிறையத் தின்று நிறையக் கழியும். அந்தக் கழிவில் கண்ணாடியிலும் பாறையிலும் பழுப்பாகவும் பச்சையாகவும் பாசி படியும். சாதுவான மீன்கள் உள்ள தொட்டி என்றால் நத்தைகளும் நண்டுகளும் மேய்ந்து அதைத் துடைத்துவிடும். என் தொட்டியில் துடைப்பது நான்தான். முழங்கை வரை கையை விட்டு, பழைய பல்துலக்கியால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது சிங்கமீன் பாறைக்குப் பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. அதன் முதுகில் விசிறி மாதிரி விரிந்திருப்பவை நஞ்சு முட்கள். ஒன்று என் சுண்டுவிரலில் ஏறியது. வலி பத்துக்கு எத்தனை என்று பிறரைக் கேட்டே பழகியவள் நான். டயாலிசிஸ் மையத்தில் இருபது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். அன்று என்னை யாராவது கேட்டிருந்தால் பத்து போதாது என்றிருப்பேன். கெட்டிலைப் போட்டு, தாங்கக்கூடிய சூட்டில் நீர் கலந்து, கையை அதில் முக்கி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவைக் கூப்பிட்டேன். சூட்டில்தான் அந்த நஞ்சு அடங்கும். அவர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மத்தியானத்துக்குள் சாஆ என்ற ஊரிலிருந்து அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். எனக்கு ஒரே அண்ணன். நாங்கள் பிறந்த செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். “வித்துடு” என்றார். அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். சிங்கமீன் எதுவும் நடக்காதது போல மிதந்தது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதன் வீட்டுக்குள் கையை விட்டது நான். இனிமேல் கையை விடுவதில்லை, மீனையும் விடுவதில்லை, துடைக்கிற வேலைக்கென்று பிறந்தவற்றைக் கொண்டுவந்து விடுவது என்று அப்போது முடிவு செய்தேன்.

முதல் தவணை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சனிக்கிழமை காலையில் விட்டேன். வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால், தொட்டியின் அடியில் நத்தை ஓடுகள் கடலைத் தோல் மாதிரி நொறுங்கிக் கிடந்தன. பேத்தையின் வயிறு புடைத்திருந்தது. இறால் ஒன்றின் மீசை மட்டும் சிங்கமீனின் வாயோரம் நீட்டிக்கொண்டிருந்தது. விலாங்கு ஒரு சங்கு நண்டைக் கவ்விப் பாறையில் அறைந்துகொண்டிருந்தது. நான் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். பதினெட்டு உயிர். கடைக்காரர் பாவம் என்றது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெட்கத்தோடுதான் எங்கள் ஜொகூர் மீன் வளர்ப்பவர்களின் வாட்சப் குழுவில் கேட்டேன்: வேட்டை மீன் தொட்டிக்கு எந்தத் துப்புரவு உயிர்கள் தாங்கும்? இருநூறு பேருக்கு மேல் இருக்கும் குழு. பெண்கள் என்று எனக்குத் தெரிந்து நாங்கள் மூன்று பேர்.

“பஃபே போட்டீங்களா அக்கா?” என்று ஒருவர். அதற்கு வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

குழுவை நடத்துகிறவர் எழுதினார்: “வேட்டை மீன் தொட்டிக்கு கிளீனர் கிடையாது. அதான் ரூல். வேணும்னா புந்தால தூக்கிடுங்க.”

இன்னொருவர்: “லேடிஸுக்கு தங்க மீன் போதும் லா.”

நான் பதில் போட்டேன்: “நான் நத்தையப் பத்தி கேட்டேன். லேடிஸப் பத்தி கேக்கல.”

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

யாரோ போட்ட ரூலை நம்புவதற்கு முன்னால் நானே பார்க்கலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். வேலையில் நாங்கள் அப்படித்தான். நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கினால், எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு என்று எழுதிவைக்காமல் ஊகம் சொல்லக்கூடாது. ஒரு மாதம் மூன்று மீனையும் தனித்தனியாகக் கவனித்தேன். சிங்கமீன் அசைவதைத்தான் விழுங்குகிறது. வாய்க்குள் முழுசாகப் போகாததைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விலாங்கு மூக்கால் வாழ்கிறது; நண்டு, இறால் வாசத்துக்கு ஓடி வரும், பிளாஸ்டிக் வலைக்குள் ஒரு நத்தையை வைத்துக் காட்டினால் அதன்மேல் ஊர்ந்து போகும், ஒன்றும் செய்யாது. ஓட்டை உடைக்கிறது பேத்தை ஒன்றுதான். ஆக, மூன்று மீனும் எல்லாவற்றையும் தின்னும் என்பது பொய். ஒன்றுக்கு ஒரு பழக்கம். நத்தை விஷயத்தில் என் பிரச்சினை முழுக்க ஒரு மீன்.

அந்த ஒரு மீனைத்தான் என்னால் கொடுக்க முடியாது. நான் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டுகிற ஜீவன் அது. நாய்க்குட்டி முகம். உணவு தாமதமானால் நீர்மட்டத்துக்கு வந்து என்மேல் தண்ணீரைத் துப்பும்.

தீபாவளிக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அதற்குள் தொட்டி மோசமாகிவிட்டது. கையை விடுவதில்லை என்ற தீர்மானத்தில், குச்சியில் கட்டிய பஞ்சால் எட்டிய வரை துடைத்துக்கொண்டிருந்தேன். பாறைகள் எல்லாம் பழுப்பு மயிர் முளைத்தது போல இருந்தன. அண்ணன் முறுக்குத் தட்டோடு அதன் முன்னால் போய் நின்றார்.

“சாக்கடை மாதிரி இருக்கு. இதுக்கா கையக் குடுத்த? சும்மாவாச்சும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடு.”

“மாட்டேன்ண்ணே.”

“ஒருத்தியா இருக்க. வீட்டுல விஷத்த வச்சிக்கிட்டு, ஏதாவது ஆச்சின்னா யாரு பாக்கிறது?”

“போன தடவ நானேதான் பாத்துக்கிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள கட்டு போட்டாச்சி.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க.”

“நீங்க எல்லாத்துக்கும் ஒரு தடை வச்சிருக்கீங்க. நர்சிங்குக்கு போகாதன்னீங்க. ஒருத்தியா வீடு வாங்காதன்னீங்க. கார் எதுக்குன்னீங்க. எல்லாம் செஞ்சிட்டேன். எதுல நான் கெட்டுப்போனேன்னு சொல்லுங்க, இந்த மீனுங்கள இன்னிக்கே குடுத்துடுறேன்.”

குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அண்ணன் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நல்ல நாளில் இப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், நாற்பத்தாறு வயதில் இதைக்கூடப் பேசாவிட்டால் எப்போது பேசுவாய் என்றது. இரண்டாவது மனத்தின் பக்கம்தான் நான் நின்றேன்.

அந்த நேரத்தில் அண்ணி, சண்டை நடக்கிற வீட்டில்தான் இருக்கிறோம் என்ற எண்ணமே இல்லாதவர் போல, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க வாயேன்மா. இந்த குண்டனுக்கு பல்லு ஏன் இவ்வளோ நீளமா இருக்கு? எலிக்கு வளருமே, அது மாதிரி.”

நான் போய்ப் பார்த்தேன். தினமும் பார்க்கிற நான் கவனிக்காததை அவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டார். பேத்தையின் மேல்பல் உதட்டைத் தாண்டி வந்திருந்தது. நான் கொடுத்ததெல்லாம் தோலுரித்த இறாலும் கணவாயும். ஓட்டை உடைத்துத் தேயவேண்டிய பல் அது. தேயாமல் வளர்ந்துகொண்டே போனால் ஒரு நாள் வாயைத் திறக்கவே முடியாமல் பட்டினியில் சாகும். நத்தைகளை அது திமிரில் தின்னவில்லை. அதற்கு அது தேவையாக இருந்தது.

மறுநாளே பசாரில் ஓட்டோடு கெராங் வாங்கினேன். நாம் அவித்துத் தின்கிற அதே சிப்பி. தினமும் இரண்டு மூன்று போட்டேன். பேத்தை அதை உடைக்கிற சத்தம் சமையலறை வரை கேட்டது. சில வாரங்களில் பல் தேய்ந்து உதட்டுக்குள் அடங்கியது. வயிறு நிறைந்தால் நத்தையை விட்டுவிடும் என்று ஒரு நப்பாசையில் ஒரே ஒரு பெரிய நத்தையை விட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பாக்கு போடுவது மாதிரி அதையும் உடைத்துப் போட்டது. சரி. நத்தை கிடையாது. அந்த அளவுக்கு ரூல் உண்மை. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் துப்புரவு செய்வது நத்தை மட்டுமா?

மீண்டும் கடைக்குப் போனேன்.

“ஒடைக்க முடியாதது வேணும்” என்றேன்.

கமாட் இருக்கிறது என்றார் கடைக்காரர், கடல் அட்டை. அதை எந்த மீனும் தொடாது. “ஆனா செத்தா விஷம் விடும் அக்கா. எல்லா மீனும் போயிடும்.”

“அப்ப வேண்டாம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதைச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு போகிறவள் என்று நினைத்திருப்பார். அடம் வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு.

“லண்டாக் லாவுட்?” என்றார். கடல் முள்ளெலி, உருண்டை உடம்பெல்லாம் முள்ளாகப் பாசியை மேய்கிற உயிர். “நீளமான முள்ளு உள்ளது. புந்தால் கடிக்கலாம், கடிக்காமலும் இருக்கலாம். நான் உறுதியா சொல்ல மாட்டேன்.” பிறகு ஒன்று கேட்டார்: “மீன் நோய்க்குன்னு தொட்டியில செம்பு மருந்து போட்டீங்களா எப்பவாவது? போட்டிருந்தா இது செத்துடும்.” போட்டதில்லை. ஒரு வாரத்தில் வரவழைத்துக் கொடுத்தார். கூடவே, சாட்டை போல ஐந்து கை கொண்ட ஒரு நட்சத்திர உயிரும். பாறைக்கடியில் ஒளிந்திருந்து மீன்கள் சிதறுகிற மிச்சத்தைப் பொறுக்கும் என்றார்.

புதுத் தண்ணீருக்கு அவற்றை மெதுவாகப் பழக்க வேண்டும். மருந்துக் கடையில் ஒரு டிரிப் குழாய் வாங்கிவந்து, அதன் உருளையை நகர்த்தி, தொட்டி நீரை வினாடிக்கு இரண்டு சொட்டாக வாளிக்குள் விட்டேன். கைக்குப் பழகிய வேலை. மூன்று மணி நேரம் வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். லீவு நாளில் வேறு என்ன வேலை எனக்கு.

முள்ளெலியின் கறுப்பு முட்கள் என் நடுவிரலை விட நீளம். நீண்ட இடுக்கியால் பாறைமேல் வைத்தேன். பேத்தை வந்தது. சுற்றிப் பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி வந்து வாயைத் திறந்து ஒரு கடி. அடுத்த நொடி அது பின்னால் துள்ளி மூலைக்குப் போய்ப் பாதி உப்பி நின்றது. கீழுதட்டில் கறுப்பாக ஒரு முள்துண்டு. மூன்று நாளில் அது தானாக விழுந்தது. அதுவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேத்தை மறுபடி முள்ளெலியின் பக்கம் போகவில்லை.

முள்ளெலி அந்த வாரமே வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் பாறையில் வெள்ளையாக ஒரு புதுப் பாதை தெரியும். உள்ளூர எனக்கு ஒரு பெருமை. நானே மேய்ந்தது மாதிரி. நட்சத்திரம் ஒரு கையை விலாங்கிடமோ பேத்தையிடமோ இழந்தது. பாறைக்கடியிலேயே இருந்து அதை மறுபடி வளர்த்துக்கொண்டது. தொட்டி படத்தில் வருவது மாதிரி பளபளவென்று ஆகிவிடவில்லை. முள்ளெலி சின்னக் கற்களை உருட்டித் தள்ளுகிறது. முன் கண்ணாடியை நான் காந்தத் துடைப்பானால் வெளியிலிருந்தே துடைக்கிறேன். கை உள்ளே போவதில்லை. மூன்று மீனும் இருக்கின்றன. முள்ளெலி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

குழுவில் ஒரு படம் போட்டேன், ஒரே ஒரு படம். “லக்கு அக்கா” என்று எழுதினார் நடத்துகிறவர். நோட்டுப் புத்தகத்தின் பதினாறு பக்கங்களையும் படமெடுத்து வரிசையாக அனுப்பினேன். பிறகு குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். குழுவில் இருந்த மற்ற பெண்கள் இரண்டு பேரும் தனியாக எனக்கு எழுதினார்கள்; இப்போது நாங்கள் மூவரும் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.

பேத்தை இன்னும் வளரும். நாலடி அதற்குப் போதாது. ஆறடித் தொட்டிக்கு மேசை அடிக்கத் தச்சரை வரச்சொன்னேன். போன வாரம் வந்து வரவேற்பறையை அளந்தார். “வைக்கலாம்மா. ஆனா சோஃபாவ எடுக்கணும். வர்றவங்க எங்க உக்காருவாங்க?” என்றார்.

நாற்காலி இருக்கிறது என்றேன். சோஃபாவை வெளியே தூக்கும்போது ஒரு முனையை நானே பிடித்தேன்.