கதவுக்கு இந்தப் பக்கம்

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அவளுக்கு அங்கே 'இதுவா அதுவா' என்று பட்டப்பெயர். எதையும் நேராகக் கேட்கத் தெரியாது. "இன்னிக்கே பிடுங்கிடலாமா, இல்ல வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வரீங்களா?" என்பாள். பாதிப் பேர் யோசிக்கப் போய்விடுவார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். எல்லாம் பழக்கதோஷம். வீட்டில் அவள் எழுதும் விளையாட்டுகளும் அப்படித்தான். படம் கிடையாது, சத்தம் கிடையாது. செல்போனில் கதை ஓடும். நடுவில் நின்று, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். தொடுகிற பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும்.

அவள் எடுத்துக்கொள்வது நடந்த சரித்திரம் மட்டும். வெள்ளம், வேலைநிறுத்தம், கவிழ்ந்த படகு. யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் செத்தவர்கள் பிழைக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். "பிழைக்க வெச்சிட்டா அவங்க செத்ததுக்கு என்ன மரியாதை?" என்பாள்.

நூற்பாலைத் தீயை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பிடிவாதம் ஆட்டம் கண்டது. அவள் பிறப்பதற்கு முன் நடந்த தீ அது. வேலை நேரத்தில் யாரும் நழுவக் கூடாதென்று ஆலையின் பின்கதவைப் பூட்டி வைப்பார்கள். அன்று உள்ளே இருந்த பெண்கள் சிலர் வெளியே வரவே இல்லை. சாவி காவலாளியின் இடுப்பில் இருந்தது. அந்தக் காவலாளி அவளுடைய அப்பா.

ஊர் அவரைக் குறை சொன்னதில்லை. மேலாளர் உத்தரவு, இவர் என்ன செய்வார் என்று விட்டுவிட்டார்கள். அவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட விடமாட்டார். குளியலறைக்குள்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அவருக்காக மட்டும் அவள் தன் விதியைத் தளர்த்தினாள். கதவு உடனே திறக்கும், எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே வருவார்கள் என்று ஒரு முடிவு எழுதினாள். அவர் மனம் ஆறுமா, இல்லை புண்ணைக் கிளறியவளோடு பேச்சையே நிறுத்திவிடுவாரா? "எல்லாரும் பிழைக்கிற முடிவும் இதுல ஒண்ணு இருக்குப்பா," என்று போனை அவரிடம் நீட்டினாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். உள்ளேயிருந்து கதவு தட்டப்படும் இடம் வந்தது. கீழே இரண்டு பதில்கள்: 'உடனே திற', 'மேலாளரைக் கேள்'. அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"நான் செஞ்சது இதுல இல்லையேம்மா."

"என்னப்பா செஞ்சீங்க?"

"டீ நேரம் வந்தா அந்தப் பொண்ணுங்க தினமும் கதவைத் தட்டுவாங்க. சும்மா, என்னை வம்புக்கு இழுக்க. மெஷின் சத்தத்துல பேச்சு கேக்காது, தட்டுறது மட்டும் கேக்கும். நானும் இந்தப் பக்கத்துல இருந்து திருப்பித் தட்டுவேன். வேலை விட்டுப் போறப்ப என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க." போனைக் கவிழ்த்து வைத்தார். "அன்னிக்கும் தட்டினாங்க. திருப்பித் தட்டினேன். மறுபடி தட்டினாங்க. நானும் மறுபடி தட்டினேன். புகை வாசம் வந்தப்புறம்தான் சாவியை எடுத்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அப்பா அழவில்லை. "அந்த நல்ல முடிவை எடுத்துடு. நான் செஞ்சதை வை," என்றார்.

வைத்தாள். தினமும் நடந்த டீ நேரத் தட்டலை முன்னால் எழுதி, மூன்றாவது பதிலைச் சேர்த்தாள்: 'சிரித்துக்கொண்டே திருப்பித் தட்டு'. ஆட்டத்தின் பெயரில்கூடத் தீ என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டாள். அவருக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே.

ஆட்டம் வெளியான பிறகு, ஆடியவர்கள் எதைத் தொட்டார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெறைய பேர் உடனே திறந்திருப்பாங்க, இல்ல?"

"ரொம்பக் கொஞ்சம்தான்பா. மத்தவங்க எல்லாரும் திருப்பித் தட்டினாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாவம், அவங்களுக்குத் தெரியாதே," என்றார். சொல்லிவிட்டுத்தான் அழுதார்.