கை படாத பல்

இடக்கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே, சுரைவிதை அளவில் ஒரு முன்பல். வலக்கை அதைத் தாடை மாதிரியில் பொருத்தி, நீலக் கார்பன் தாளின் கீற்று ஒன்றைச் செருகிக் கடிக்க வைத்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு நீலப் புள்ளி, இருக்க வேண்டிய இடத்தில். கீழ்த்தாடையை முன்னால் தள்ளி இன்னொரு முறை கடிக்க வைத்தாள். இப்போது விளிம்பு முழுக்க நீலம்; இடிக்கிறது.

பல் மருத்துவமனையின் பின்னறை அது. சன்னல் கிடையாது. பதினெட்டு வருஷத்துக்கு முன் பல் அச்செடுக்கும் மாவு கலக்க வந்தவள், பார்த்துப் பார்த்தே பல் செய்யக் கற்றுக்கொண்டாள். வரவேற்பில் இருக்கும் பெண் அவளுக்கு வைத்த பெயர் பல்லக்கா.

நாலு மாதத்துக்கு முன் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புது மெஷின் வந்தது. வாயைப் படம் பிடித்துத் தானே பல்லைக் கடைந்துவிடும். மேலே பலகை: ‘கை படாத பல்.’ ஈறோரம் தன் வேலையைவிட அதில் நன்றாக வருகிறது என்று முதலில் சொன்னவளே அவள்தான். கடிதான் சரியில்லை. பளபளப்பு ஏற்ற அவளிடம் வருவதைத் தேய்த்துச் சரிசெய்தாள், நோட்டில் குறித்தாள். நாற்பத்தொன்றில் இருபத்தாறு.

நோட்டை டாக்டரிடம் காட்டினாள்.

“ஒண்ணுகூடத் திரும்பி வரலையே அக்கா.”

“நான் தேய்ச்சதாலதான் வரலை சார்.”

“தேய்க்காட்டியும் வந்திருக்காது. உங்களுக்குப் பழக்கதோஷம். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். ஒண்ணும் வரலைன்னா இந்த ரூமை எக்ஸ்ரேக்கு விட்டுடலாம்.”

தேய்க்காத பல் ஒன்று கெட்டுத் திரும்பினால்தான் அவள் சொல்வது உண்மையென்று ஆகும். கெடுவதோ இன்னொருவர் வாயில்.

இன்றைய பல் ஒரு தையல்காரருக்கு. நூலைக் கடித்துக் கடித்து அவருடைய பக்கத்துப் பல்லில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. மெஷினுக்கு நூல் தெரியாது. நேர்விளிம்பாகக் கடைந்து வைத்திருந்தது. அப்படியே மாட்டினால் ஒரு மாதத்துக்குள் பல் கழன்றுவிடும். கழலாவிட்டால் கீழ்ப்பல் ஆடத் தொடங்கும்.

வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“பல்லக்கா, மெஷின் விளம்பரத்துக்கு வீடியோக்காரங்க வந்துட்டாங்க. கதவைச் சாத்திக்கவா?”

“எப்பத்தான் திறந்து வெச்சீங்க?”

கதவு சாத்தப்பட்டது. தையல்காரரின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

“தம்பி, என் தையல் மெஷின் முப்பது வருஷமா என்கூட இருக்கு. இன்னும் நூலை அறுக்குது.”

டாக்டர் சிரித்தார். “அதுக்கு ஆள் வேணும் ஐயா. இதுக்கு ஆளே வேண்டாம்.”

“அப்ப அறுந்தா யாரு கோக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் நோட்டைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். அப்படியே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட ஒரு நிமிஷம்கூட ஆகாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரப்பர் சக்கரத்தை ஓடவிட்டாள். விளிம்பில் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து, நூலுக்கு இடம் விட்டு, மறுபடி கடிக்க வைத்துப் பார்த்தாள். பளபளப்பு ஏற்றினாள். ஒரு துளி நீலம் ஒட்டியிருந்தாலும் கை பட்டது தெரிந்துவிடும். வெந்நீரில் இரண்டு முறை கழுவித் துடைத்தாள். நோட்டில் இருபத்தேழு என்று எழுதினாள்.

உள்ளிருந்து கதவைத் தட்டினாள். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது.

“சூடா இருக்கேக்கா?”

“மெஷின்லயிருந்து வந்தா சூடாத்தான் இருக்கும்னு சொல்லு” என்று பல்லை அந்தக் கையில் வைத்தாள்.