மங்களத்தின் பதினொரு மாடுகள்

மங்களம் அக்காவைப் பார்த்து "பாவம்" என்று யாராவது சொன்னால், மறுநாள் அந்த வீட்டுக்குப் பால் வராது. ரப்பர்த் தோட்டத்தை மூடியபோது தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த ஜனமெல்லாம் ஈப்போ டவுன் ஃபிளாட்டுகளுக்குப் போய்விட்டது. அதுவரை ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த அக்கா மட்டும் இரண்டு மாடு வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். இருபது வருஷமாகப் பக்கத்துச் சிலிபின் வட்டாரத்து வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுவருகிறார். இரண்டு மாடு பதினொன்றாகிவிட்டது.

இப்போது நிலம் வீடு கட்டுகிற கம்பெனி கைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் மாடுகளைக் கொண்டுபோக வேண்டும், மிச்சம் நிற்பதை முனிசிபல் பிடித்துப் போகும் என்று கடிதம் வந்தது. கோலா கங்சார் பக்கம் அக்கா வேறு நிலம் பார்த்துவிட்டார். லாரி என்னுடையது. என் பெயர் கனகராஜ்.

நான்தான் ஒரு முட்டாள் காரியம் செய்தேன். கோழி ஏற்றிய லாரியாயிற்றே, மாட்டுக்கு மரியாதை செய்வோமென்று பிளீச் ஊற்றித் தேய்த்துக் கழுவி, முன்னால் மாவிலையும் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

பத்து மணிக்கு, மாடுகள் ஏற லாரியின் பின்னால் பலகையைச் சாய்த்தோம். எப்போதும் முன்னால் நடக்கும் செவலைப் பசு மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அது நின்றால் மற்ற பத்தும் நிற்கும். இழுத்தோம், தள்ளினோம். மணி பதினொன்றைத் தாண்டியது.

கம்பெனி சூப்பர்வைசர் விக்னேஸ்வரன் வாசல் கேட்டின் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தான்.

"ரெண்டு அடி போட்டா ஏறிடும்லா அக்கா. இல்லன்னா விட்டுட்டுப் போங்க, முனிசிபல் பாத்துக்கும்."

என் கையாள் செவலையின் வாலை முறுக்கப் போனான்.

"கைய எடுடா!" அக்கா போட்ட சத்தத்தில் அவன் தள்ளிப் போய் நின்றான். "அடிச்சா ஏறும், எனக்குத் தெரியாதா? இத்தன வருஷம் ஒருத்தன் கை இதுங்க மேல விழுந்ததில்ல. இன்னிக்கும் விழாது."

பிறகு லாரிக்குள் ஏறி மோந்து பார்த்தார். என்னை முறைத்தார்.

"கனகு, என் மாட்ட ஆஸ்பத்திரிக்கா கொண்டு போற?"

கொட்டகையில் மாடுகள் படுத்த, சாணியில் ஊறிய பழைய புல்லைக் கூடை கூடையாக அள்ளிவந்து பலகையிலும் உள்ளேயும் கொட்டினார். வெட்கப்பட்டுக்கொண்டே நானும் அள்ளினேன். மாவிலையெல்லாம் சாணி. அக்கா செவலையின் கயிற்றைக் கழற்றிவிட்டு, முன்னால் நடந்து லாரிக்குள் போய் நின்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவலை மோந்தது, அதன் கொட்டகை வாசம். டக் டக்கென்று ஏறியது. மற்றவையெல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி பதினொன்றே முக்கால். விக்னேஸ்வரன் சங்கிலியை எடுத்தான்.

"சரி அக்கா, எல்லாம் ஏறிடுச்சு. கேட்டப் பூட்டணும், கெளம்புங்க."

அக்கா இறங்கிவந்து, கேட்டுக்கு உள்ளே பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்து நிதானமாகத் தேத்தண்ணி ஊற்றினார்.

"பேப்பர்ல பன்னண்டுன்னு நீங்கதானே போட்டீங்க, தம்பி? இன்னும் கால் மணி நேரம் இது என் எடம். வெளிய போய் நில்லுங்க."

அவன் வெளியே போய் வெயிலில் நின்றான்.